கேட்டு எண்ணிய கடற்பன்றிகள்: வாகிட்டா ஒலிக் கண்காணிப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

மெக்சிகோவின் வடமேற்கில் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்துக்கும் பெருநிலத்துக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது கலிஃபோர்னியா வளைகுடா. அதன் வடகோடியில் மட்டும் வாழ்வது வாகிட்டா என்னும் கடற்பன்றி. உலகில் வேறெந்தக் கடலிலும் அது இல்லை. திமிங்கிலங்களும் ஓங்கில்களும் அடங்கிய வரிசையில் மிகச் சிறிய விலங்குகளுள் ஒன்று. வளர்ந்த பெண் விலங்கே ஒன்றரை மீட்டர் நீளம்தான் இருக்கும். கண்ணைச் சுற்றியும் உதட்டோரமும் கரிய வளையம் உண்டு. 1958-இல், கிடைத்த மண்டையோடுகளைக் கொண்டுதான் இதைத் தனி இனமாக விவரித்தார்கள். உயிருள்ள விலங்கை அருகில் பார்த்தவர்கள் அப்போது மிகக் குறைவு. இப்போதும் அப்படித்தான்.

கொலராடோ ஆறு வந்து சேர்ந்த கழிமுகக் கடல் அது. ஆழம் குறைவு, ஏற்றவற்றம் பெரிது, நீர் எந்நேரமும் கலங்கலாகவே இருக்கும். இறாலுக்கும் மீனுக்கும் ஏற்ற இடம் என்பதால் சான் ஃபெலிப்பே, எல் கோல்ஃபோ தே சாந்தா கிளாரா ஆகிய ஊர்கள் அந்தக் கடலை நம்பியே வாழ்கின்றன. வெளிப்பொருத்து இயந்திரம் பூட்டிய ஃபைபர் படகு, செவுள் வலை, விடியலில் கடலுக்குப் போய்த் திரும்பும் வேலை என்று நம் கரையோர மீனவருக்கு நன்கு தெரிந்த தொழில்தான் அங்கும் நடக்கிறது. வாகிட்டாவை யாரும் தேடிப் பிடிப்பதில்லை. இறாலுக்கும் மீனுக்கும் விரித்த வலையில் அது சிக்குகிறது. மூச்சு வாங்க மேலே வர முடியாமல் மூழ்கி இறக்கிறது.

அதே கடலில் தொத்தோவாபா என்ற பெரிய மீனும் உண்டு. நம் கடலின் கத்தாழை மீன்கள் எந்தக் குடும்பமோ அந்தக் குடும்பம். அதன் காற்றுப்பைக்குச் சீனாவில் கிடைக்கும் விலை மிகப் பெரிது. 1975-லிருந்தே அதைப் பிடிக்கத் தடை இருந்தாலும், 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கள்ளப் பிடிப்பு மீண்டும் பெருகியது. தொத்தோவாபாவும் வாகிட்டாவும் ஏறக்குறைய ஒரே பருமன். ஒன்றுக்குப் பின்னிய வலைக் கண்ணி மற்றொன்றுக்கும் தப்பாமல் பொருந்திவிடுகிறது.

காகிதத்தில் பாதுகாப்புக்குக் குறைவில்லை. 1993-இல் உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 1997-இல் வாகிட்டாவை மீட்பதற்கான பன்னாட்டு வல்லுநர் குழு முதன்முதலாகக் கூடியது. 2005-இல் சுமார் 1,260 சதுர கிலோமீட்டர் பரப்பு வாகிட்டா காப்பிடம் ஆயிற்று. இந்த ஏற்பாடுகளால் விலங்குகள் கூடுகின்றனவா, குறைகின்றனவா என்று அறிய வழியில்லாமல் இருந்ததுதான் சிக்கல். அதை அறிவதற்காக வகுக்கப்பட்ட ஒலிக் கண்காணிப்பின் தொடக்கம் முதல் விளைவு வரை இங்கே பதிவு செய்கிறேன். தொடர்புடைய ஆய்வாளர்கள், அதிகாரிகள், மீனவர்கள் எவர் பெயரும் இதில் இல்லை.

கண்ணால் எண்ணுவதில் இருந்த தடை

வாகிட்டா துள்ளாது, படகின் முன்னால் விளையாடவும் வராது. ஒன்றிரண்டாக, அரிதாகச் சில விலங்குகள் சேர்ந்து, சத்தமில்லாமல் மேலே வந்து மூச்சுவிட்டு உடனே மறைந்துவிடும். இயந்திரப் படகின் ஓசை கேட்டால் விலகிப் போகும். கடலில் சிறு அலை எழும்பினாலே அதன் முதுகுத் துடுப்பைக் கண்டுபிடிக்க முடியாது. பெரிய கப்பலின் மேல்தளத்தில் பெரிய இருகண் தொலைநோக்கியை நிறுத்திவைத்து, காற்றில்லாத நாளுக்காகக் காத்திருந்து, வரிசை வரிசையாகக் கடலைத் துழாவினால்தான் ஏதோ சில கண்ணில் படும்.

அப்படித்தான் 1997-இலும் 2008-இலும் பெரிய கணக்கெடுப்புகள் நடந்தன. முதலாவது 567 விலங்குகள் என்றது. இரண்டாவது 245 என்றது. ஆனால் இவை நடு மதிப்பீடுகள் மட்டுமே. முதல் கணக்கின் நம்பக வீச்சு, அதாவது உண்மை எண் இருக்கக்கூடிய எல்லை, 177-லிருந்து 1,073 வரை விரிந்திருந்தது; இரண்டாவதின் வீச்சு 68-லிருந்து 884 வரை. வீச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் எண்களை மட்டும் வைத்து, எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இன்னொரு கணக்கெடுப்பு என்றால் மீண்டும் கப்பல், மீண்டும் பெருஞ்செலவு, மீண்டும் சில ஆண்டுக் காத்திருப்பு. எண்ணிக்கை குறையக் குறையக் கண்ணில் படுவனவும் குறையும். மதிப்பீடு மேலும் நடுங்கும். அருகிவரும் விலங்கைக் கண்காணிக்கும்போது இதுதான் பெரிய கொடுமை: எப்போது எண்ணிக்கை மிகத் தேவையோ அப்போது கண்கள் மிகக் குறைவாகப் பயன்படுகின்றன.

ஒலியை நாடியது ஏன்

கலங்கிய நீரில் வாகிட்டா கண்ணை நம்புவதில்லை. குறுகிய சொடுக்கொலிகளை அடுத்தடுத்து எழுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு இரையையும் வழியையும் அறிகிறது. அந்த ஒலியின் அலைவெண் 120 முதல் 150 கிலோஹெர்ட்ஸ் வரை, மிகக் குறுகிய பட்டைக்குள் அடங்கும். மனிதக் காது ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுவதால் சாதாரண நீரடி ஒலிவாங்கியில் காதை வைத்துக் கேட்டால் எதுவும் கேட்காது. அதற்கென்று அமைத்த கருவி வேண்டும்.

இந்தத் தன்மையில் ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு. அந்தக் கடலில் இருக்கும் ஓங்கில்களின் சொடுக்கொலி பரந்த பட்டையில் சிதறியிருக்கும். வேறு கடற்பன்றி இனம் அங்கே இல்லை. ஆகவே குறுகிய பட்டையில், மிக உயர்ந்த அலைவெண்ணில் ஒரு சொடுக்கு வரிசை பதிவானால் அது வாகிட்டாதான் என்று கொள்ளலாம். இனம் பிரித்தறிவது பெரும்பாலான கடல் ஒலி ஆய்வுகளில் பாதி வேலையை விழுங்கிவிடும். இங்கே அந்தச் சுமை வெகுவாகக் குறைந்தது. தொல்லை, தூரம். இவ்வளவு உயர்ந்த ஒலியைக் கடல்நீர் விரைவில் உறிஞ்சிவிடுகிறது. நீலத் திமிங்கிலத்தின் தாழ்ந்த குரல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். வாகிட்டாவின் ஒலியோ சில நூறு மீட்டருக்கு அப்பால் கருவிக்கு எட்டாது. அதிலும் விலங்கு கருவியை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும், ஏனென்றால் ஒலி ஒடுங்கிய கற்றையாகவே முன்னோக்கிச் செல்கிறது. எனவே ஓரிரு கருவிகள் போதாது. பரப்பு முழுவதும் கட்டம் கட்டமாக வைக்க வேண்டும்.

ஒலி வழி முயற்சி 1997-லேயே தொடங்கிவிட்டது. படகைக் குறித்த இடங்களில் நிறுத்திக் கருவியை நீரில் இறக்கிக் கேட்டு வந்தார்கள். 2007 வரையிலான அந்தப் பதிவுகளில் வாகிட்டா எதிர்ப்பட்ட விகிதம் 58 சதவீதம் சரிந்திருந்தது. கப்பலில் இருந்து பார்த்த இரண்டு கணக்கெடுப்புகளின் நடு மதிப்பீடுகளை ஒப்பிட்டாலும் 567-லிருந்து 245, அதாவது 57 சதவீதச் சரிவு. ஒன்றையொன்று சாராத இரண்டு முறைகளும் ஒரே விடையை நெருங்கியதைப் பார்த்த பிறகுதான் ஒலி நம்பத்தக்க அளவுகோல் என்ற எண்ணம் வலுப்பட்டது. ஆனால் ஆள் இருந்து படகில் கேட்கும் முறைக்கு எல்லை உண்டு. பத்தாண்டு சேர்ந்தால்தான் ஒரு போக்கு தெரிந்தது. 2008 கணக்கெடுப்பின்போது, கடலில் விட்டுவிட்டு வந்தால் தானே கேட்டுப் பதியும் கருவிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். சி-பாட் என்ற பிரிட்டிஷ் கருவி தேர்வாயிற்று.

திட்டம் வகுத்த விதம்

சி-பாட் ஒரு குழாய் வடிவக் கருவி. முனையில் ஒலிவாங்கி, உள்ளே மின்கலங்கள், ஒரு நினைவக அட்டை. அது ஒலியை முழுதாகப் பதிவதில்லை. ஒவ்வொரு சொடுக்கும் எப்போது வந்தது, எந்த அலைவெண், எவ்வளவு நேரம் நீடித்தது, எவ்வளவு உரத்தது என்ற குறிப்புகளை மட்டும் எழுதிக்கொள்கிறது. உயர் அலைவெண் ஒலியை முழு அலைவடிவமாகப் பதிந்தால் நினைவகம் சில நாளில் நிறைந்துவிடும். குறிப்பு மட்டும் என்றால் மாதக்கணக்கில் ஓடும். நெடுங்காலக் கண்காணிப்புக்கு இந்தச் சிக்கனம் அவசியமாக இருந்தது. பின்னர் மென்பொருள் அந்தக் குறிப்புகளில் இருந்து சொடுக்கு வரிசைகளைப் பொறுக்கி எடுக்கும். பயிற்சி பெற்றவர்கள் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்து, இது வாகிட்டா, இது இல்லை என்று சரிபார்ப்பார்கள்.

எங்கே, எப்போது வைப்பது என்பதுதான் கடினமான முடிவு. விலங்கு நடமாடும் பரப்பு முழுவதும் ஆண்டு முழுவதும் கேட்க வேண்டும் என்றே எந்த ஆய்வாளரும் விரும்புவார். ஆனால் அந்தக் கடலில் இறால் பருவம் செப்டம்பரில் தொடங்கிவிடும். அதன்பின் நீரடியில் விட்டுவைத்த எந்தக் கருவியும் வலையில் சிக்கும், இழுபடும், திருட்டும் போகும். காப்பிடத்தின் எல்லையைக் காட்டும் மிதவைகளில் கட்டிய கருவிகள் தொலைந்தது இதற்குச் சான்று. அதனால் மீன்பிடிப்பு மந்தமாகும் கோடைக்காலத்தில் மட்டும், காப்பிடத்தின் உட்பகுதியில் மட்டும் கேட்பது என்று முடிவாயிற்று. 46 இடங்களில் பதிவு கிடைத்தது. ஆண்டுகளுக்கிடையே ஒப்பிடுவதற்கு ஜூன் 19 முதல் ஆகஸ்ட் 19 வரையான 62 நாள்களை மையக் காலமாக வைத்துக்கொண்டார்கள்.

இந்த முடிவைப் பலர் குறையாகச் சொல்லக்கூடும். என் பார்வையில் திட்டத்தின் பெரிய பலமே இதுதான். குறைந்த பரப்பு, குறைந்த காலம், ஆனால் அதே இடம், அதே நாள்கள், அதே கருவி, ஆண்டு தவறாமல். முழுமையை விட்டுக்கொடுத்துத் தொடர்ச்சியைக் காப்பாற்றினார்கள். ஒலிக் குறியீடு எத்தனை விலங்குகள் என்று நேரடியாகச் சொல்லாது. ஒரே விலங்கு ஆயிரம் சொடுக்கு எழுப்பலாம். பத்து விலங்குகள் கருவிக்குப் புறம் காட்டிப் போகலாம். ஆண்டுதோறும் அளவீட்டு முறை மாறாதிருந்தால்தான் ஒரு கருவி ஒரு நாளில் பதிந்த சராசரிச் சொடுக்குகளின் ஏற்ற இறக்கத்தை எண்ணிக்கையின் ஏற்ற இறக்கமாகப் படிக்க முடியும்.

மற்றொரு முடிவு, இலக்கு. ஆண்டுக்கு 4 சதவீத வளர்ச்சி ஏற்பட்டால் ஐந்தாண்டில் அதைக் கண்டுபிடிக்கும் அளவுக்குக் கருவிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட்டார்கள். வலைகள் நீங்கினால் இந்த இனம் அவ்வளவு வேகத்தில்தான் பெருக முடியும் என்பது அவர்கள் கணிப்பு. பெண் வாகிட்டா ஒரு நேரத்தில் ஒரே குட்டிதான் ஈனும். அதாவது, மீட்சியை அளப்பதற்காகவே இந்த வலையமைப்பு கட்டப்பட்டது.

கடலில் நடந்தது: 2011 முதல் 2013 வரை

2011 கோடையில் முறையான பதிவு தொடங்கியது. கருவிகளைக் கொண்டுபோய் இறக்கியதிலும் மீட்டு வந்ததிலும் சான் ஃபெலிப்பே மீனவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தக் கடலின் ஏற்றவற்ற ஓட்டத்தில் ஒரு நங்கூரம் எங்கே நகர்ந்து நிற்கும் என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. தொழிலைக் கட்டுப்படுத்தும் ஆய்வு என்று அவர்களை ஒதுக்கியிருந்தால் கருவிகளில் பாதிகூடத் திரும்பியிருக்குமா என்பது ஐயமே.

எல்லாக் கருவியும் எல்லா ஆண்டும் வேலை செய்யவில்லை. சில தொலைந்தன, சில இடையில் நின்றுபோயின. ஒரு ஆண்டில் தொலைந்தது வாகிட்டா அதிகம் வரும் இடத்துக் கருவி என்றால் அந்த ஆண்டின் சராசரி பொய்யாகத் தாழும். வெறும் சராசரியைப் பார்த்துப் போக்கைச் சொல்ல முடியாமல் போனதற்கு இதுவே காரணம். 2014-இல் புள்ளியியல் வல்லுநர்களைத் தனியே கூட்டி, ஒவ்வோர் இடத்தின் இயல்பையும் அக்கம்பக்க இடங்களின் தொடர்பையும் கணக்கில் எடுக்கும் கணித மாதிரிகளைக் கொண்டு தரவை ஆராயச் செய்தார்கள். ஒரே மாதிரியை நம்பாமல் வெவ்வேறு வழியில் கணக்கிட்டு, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தது கவனிக்கத் தக்கது. அரசையும் மீனவரையும் பெரிய முடிவுக்கு இட்டுச்செல்லும் எண் அது. எவரும் எளிதில் தட்டிவிட முடியாததாக இருக்க வேண்டியிருந்தது.

2014: எண் சொன்னது

மூன்று கோடைகளின் தரவு தந்த விடை, ஆண்டுக்கு 18.5 சதவீதச் சரிவு. 4 சதவீத வளர்ச்சியைத் தேடி வைத்த கருவிகள் அழிவைக் கேட்டிருந்தன.

2014 ஜூலையில் கூடிய பன்னாட்டு மீட்புக் குழு, நூற்றுக்கும் குறைவான வாகிட்டாக்களே எஞ்சியுள்ளன, அவற்றுள் இனப்பெருக்க வயதுப் பெண்கள் 25-ஐத் தாண்டமாட்டா என்று மதிப்பிட்டது. வாகிட்டா வாழும் பரப்பு முழுவதும் செவுள் வலையை உடனே தடை செய்து கண்டிப்பாக நடைமுறைப்படுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தக் கோடையின் பதிவையும் சேர்த்து மீண்டும் கணக்கிட்டபோது நிலை இன்னும் மோசமாக இருந்தது. 2011-லிருந்து 2014 வரை ஆண்டுக்குச் சராசரி 34 சதவீதச் சரிவு; நம்பக வீச்சு 21-லிருந்து 48 சதவீதம் வரை. வீச்சின் மென்மையான முனையை எடுத்துக்கொண்டாலும் ஐந்தில் ஒரு பங்கு ஒவ்வோர் ஆண்டும் அழிந்துகொண்டிருந்தது. கப்பல் கணக்கெடுப்பை மட்டும் நம்பியிருந்தால் இது தெரியவரவே மேலும் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழுந்தது. விலங்குகள் சாகாமல், காப்பிடத்தை விட்டு வேறு பக்கம் நகர்ந்திருந்தால்? கருவிகள் ஒரே இடத்தில் இருப்பதால் இடப்பெயர்வும் சரிவுபோலவே தோன்றும். அந்த ஐயத்தைத் தீர்க்க 2015-இல் பெரிய கணக்கெடுப்பு நடந்தது. ஆழமான பகுதியில் கப்பலில் இருந்து கண்ணால் பார்த்தார்கள். கப்பல் போக முடியாத ஆழமற்ற பகுதியில் ஒலிக் கருவிகளைப் பரப்பினார்கள். இரண்டையும் இணைத்துக் கிடைத்த மதிப்பீடு 59. வீச்சு 22 முதல் 145. வேறிடத்தில் மறைந்திருக்கிறது என்று சொல்லத்தக்க கூட்டம் எதுவும் அகப்படவில்லை. ஒலி சொன்னதைக் கண்ணும் உறுதிசெய்தது.

தடையும் அதன் ஓட்டைகளும்

2015 மே மாதம் இரண்டாண்டுக்குச் செவுள் வலைத் தடை நடைமுறைக்கு வந்தது. மீன்பிடிப்பு நின்றதற்கு ஈடாக இழப்பீடும் அறிவிக்கப்பட்டது. பரிந்துரைக்கும் தடைக்கும் இடையே பத்து மாதங்கள். அந்தப் பத்து மாதத்துக்குள் ஒரு முழு இறால் பருவமும், குளிர்காலத்திலிருந்து வசந்தம் வரை நீளும் ஒரு முழு தொத்தோவாபா பருவமும் அடங்கிவிட்டன. எஞ்சியிருப்பது நூறுக்கும் குறைவு என்று எழுத்தில் வந்த பிறகு ஒரு பருவத்தை அப்படியே ஓடவிட்டதை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

தடையில் ஓட்டைகளும் இருந்தன. கொர்வினா மீன் பிடிக்கும் செவுள் வலைக்கு விலக்கு அளிக்கப்பட்டது. கடலில் சில வலைகள் சட்டப்படி இருக்கலாம் என்றால், எந்தப் படகு எதற்காகப் போகிறது என்று கரையில் நிற்கும் காவலருக்கு எப்படித் தெரியும்? இழப்பீடு உரிமம் வைத்திருந்தவர்களோடு நின்றுவிட்டது, படகில் கூலிக்குப் போனவர்களை எட்டவில்லை என்ற குறையும் ஊர்களில் எழுந்தது. செவுள் வலைக்கு மாற்றான கருவிகளைக் கொண்டு இறால் பிடிக்கும் முயற்சியும் மந்தமாகவே நகர்ந்தது. கடன்பட்டவனிடம் தொத்தோவாபா வணிகர் வந்து பணம் நீட்டினால் அவன் என்ன செய்வான் என்பதை எந்த ஒலிக் கருவியும் பதியாது. ஆனால் அதன் பலனைப் பதிந்தது. 2016 மார்ச்சில் மூன்று வாகிட்டாக்களின் உடல்கள் கிடைத்தன. மூன்றும் வலையில் சிக்கி இறந்தவை. 2015-க்கும் 2016-க்கும் இடையே சரிவு 49 சதவீதம் என்று கோடைப் பதிவுகள் காட்டின. மிஞ்சியவை முப்பது அளவில் என்று கணித்தார்கள். கைவிடப்பட்ட, கள்ளத்தனமாக விரித்த வலைகளைத் தேடி அகற்றும் பணி அப்போதிலிருந்து முழுமூச்சில் நடந்தது. நூற்றுக்கணக்கான வலைகள் கடலிலிருந்து வெளியேற்றப்பட்டன. தடை 2017-இல் நிரந்தரமாக்கப்பட்டது.

2017: கேட்டு, தேடி, பிடிக்க முயன்றது

வலைகளை நிறுத்த முடியாவிட்டால் விலங்குகளையாவது தற்காலிகமாகக் காப்பான இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்ற இறுதிக்கட்ட யோசனை வந்தது. ஆபத்து எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. வாகிட்டாவை அதற்குமுன் எவரும் பிடித்து வளர்த்ததில்லை. ஒன்றும் செய்யாதிருந்தால் அழிவு நிச்சயம் என்பதால் முயல்வதென்று முடிவாயிற்று. 2017 அக்டோபரில் பல நாட்டு வல்லுநர்கள் சான் ஃபெலிப்பேயில் கூடினார்கள்.

ஒலிக் கண்காணிப்பின் வேலை இங்கே உருமாறியது. அதுவரை கோடை முடிந்ததும் கருவிகளை எடுத்து, மாதக்கணக்கில் ஆராய்ந்து ஓர் எண்ணைச் சொல்வதே வழக்கம். இப்போது நாள்தோறும் கருவிகளை மாற்றி, தரவை இறக்கி, முந்தைய நாள் எங்கே ஒலி கேட்டது என்ற வரைபடத்தைத் தேடுதல் படகுகளின் கையில் கொடுத்தார்கள். சுமார் முப்பது விலங்குகளை அத்தனை பரப்பில் தேடுபவர்களுக்கு அது பெரும் உதவியாக இருந்தது. ஒலி காட்டிய பகுதியில் தேடிய குழுக்கள் வாகிட்டாக்களைக் கண்டன.

கண்டது ஒன்று, காத்தது வேறு. அக்டோபரில் பிடித்த இளம் விலங்கு பதற்றத்தின் அறிகுறிகள் காட்டியதால் அன்றே கடலில் விடப்பட்டது. நவம்பர் 4 அன்று பிடித்த வளர்ந்த பெண் விலங்கு சில மணி நேரத்தில் இறந்துபோனது. காப்பாற்றப் போன கைகளிலேயே அது இறந்ததை நேரில் கண்ட கால்நடை மருத்துவர்களின் துயரத்தை அளவிட முடியாது. அடுத்து ஒன்றைப் பிடித்துப் பார்ப்போம் என்று எவரும் சொல்லவில்லை. முயற்சி அத்தோடு நிறுத்தப்பட்டது. நிறுத்தியது சரியான முடிவு.

அதன்பின்

2018 கோடையின் ஒலிப் பதிவைக் கொண்டு, எஞ்சியிருப்பது 19-க்கும் குறைவு என்று கணித்தார்கள். 2011-லிருந்து கணக்கிட்டால் 98.6 சதவீதம் போய்விட்டது. இன்னொன்றையும் பதிவுகள் காட்டின: ஒலி கேட்கும் இடங்கள் சுருங்கிச் சான் ஃபெலிப்பேக்குக் கிழக்கே ஒரு சிறு பகுதியில் குவிந்திருந்தன. துயரமான இந்தச் செய்திக்குள் ஒரு வாய்ப்பும் இருந்தது. காக்க வேண்டிய பரப்பு இப்போது ஒரு சில ரோந்துப் படகுகளே சுற்றிவரத்தக்க அளவுக்குச் சிறியது. 225 சதுர கிலோமீட்டர் கொண்ட அந்தப் பகுதி 2020-இல், எந்தப் படகும் மீன்பிடிக்கக் கூடாத வலயமாக அறிவிக்கப்பட்டது. வரைபடத்தில் அந்தக் கோடு வரையப்பட்ட இடத்துக்குப் பின்னே பல கோடைகளின் சொடுக்கொலிகள் இருக்கின்றன.

அறிவிப்பை மீறல்கள் மிஞ்சின. 2021 கணக்கெடுப்பின்போது வலயத்துக்குள் ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட படகுகள் காணப்பட்டன. 2022 ஆகஸ்டில் மெக்சிகோ கடற்படை, வலையைக் கொக்கியிட்டுப் பிடிக்கும் கம்பிகள் பொருத்திய 193 கான்கிரீட் கட்டைகளை அங்கே கடலடியில் இறக்கியது. விரித்தால் வலை கிழியும் என்று தெரிந்ததும் வலயத்துக்குள் செவுள் வலைகள் பெருமளவு குறைந்தன. அபராதமும் அறிவிப்பும் சாதிக்காததைக் கட்டைகள் சாதித்தன.

2023 மே மாதக் கணக்கெடுப்பில் 10 முதல் 13 விலங்குகள் காணப்பட்டதாக மதிப்பிட்டார்கள். அவற்றோடு குட்டியும் இருந்தது. 2024-இல் 6 முதல் 8. குட்டி எதுவும் கண்ணில் படவில்லை. இந்தத் தேடல்களிலும் ஒலிக் கருவிகளே கப்பல்களுக்கு இடம் காட்டின. காணப்பட்ட விலங்குகள் நலமாகத் தோன்றின. 2022-இல் வெளியான மரபணு ஆய்வு, இந்த இனம் நெடுங்காலமாகவே சிறு எண்ணிக்கையில் வாழ்ந்து பழகியது, நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே இனம் பெருகும் உட்கலப்பால் அழிந்தே தீரும் என்ற கட்டாயம் இல்லை என்று காட்டியது. வலைச் சாவு அடியோடு நின்றால் அழிவதற்கான வாய்ப்பு 6 சதவீதம்தான் என்பது அதன் கணிப்பு. நான் இந்த இனத்தைக் கைகழுவ மறுப்பதற்கு அந்த எண்ணே காரணம்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதலாவதும் முக்கியமானதும்: எண்ணையும் செயலையும் முன்கூட்டியே இணைத்திருக்க வேண்டும். கருவி இறக்கும் நாளிலேயே, சரிவு இத்தனை சதவீதத்தைத் தாண்டினால் இன்ன பரப்பில் இன்ன தேதிக்குள் வலை நிற்கும், இழப்பீடு இப்படி, படகுக் கூலியாளருக்குப் பங்கு இவ்வளவு என்று அரசும் ஊர்களும் ஆய்வாளர்களும் கையெழுத்திட்டிருந்தால், 2014 ஜூலைக்கும் 2015 மேக்கும் இடையிலான அந்தப் பருவங்கள் வாதத்தில் கழிந்திருக்கா. வளர்ச்சி நேர்ந்தால் எப்படி அளப்பது என்று நுணுக்கமாகச் சிந்தித்த திட்டம், வீழ்ச்சி நேர்ந்தால் யார் என்ன செய்வது என்பதை எழுதிவைக்கவில்லை. அது ஆய்வாளர்களின் குறையன்று. அவர்களிடம் அந்த அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவர்கள் திட்டம் வகுக்கும் மேசையிலேயே இருந்திருக்க வேண்டும்.

தரவைப் படிக்கும் வேகமும் மாற வேண்டியிருந்தது. 2017-இல் ஒரு நாளில் செய்ய முடிந்ததைச் சிறு அளவிலாவது 2012-லேயே செய்திருக்கலாம். ஒலி எங்கே குவிகிறதோ அங்கே அந்த வாரமே ரோந்தை அனுப்பியிருக்கலாம். அதற்குப் பணமும் ஆளும் வேண்டும் என்பது உண்மை. ஆனால் ஒரு கப்பல் கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் அது சிறு செலவு.

கோடைக்கு வெளியே விலங்குகள் எங்கே இருக்கின்றன என்ற கேள்விக்கு இந்த வலையமைப்பால் விடை தர முடியவில்லை. தொத்தோவாபா வலைகள் விரிவதோ கோடைக்கு வெளியேதான். கருவிகளை நிலையாக விட்டுவைக்க முடியாத மாதங்களில், சில நாள் மட்டும் இறக்கி உடனே எடுக்கும் முறையைத் தொடக்கத்திலிருந்தே சேர்த்திருந்தால் ரோந்து எங்கே தேவை என்பது தெரிந்திருக்கும்.

சொடுக்கின் குறிப்புகளை மட்டும் சேமித்ததிலும் ஒரு விலை உண்டு. மென்பொருள் தவறவிட்ட ஒலியைப் பின்னாளில் சிறந்த முறையால் மீண்டும் தேட முடியாது, மூல ஒலி கையில் இல்லை. பெரும்பாலான இடங்களில் குறிப்புக் கருவியும், இரண்டு மூன்று இடங்களில் முழு அலைவடிவம் பதியும் கருவியும் என்று கலந்து வைப்பது இப்போது கைக்கெட்டும் செலவில் சாத்தியம்.

இந்த முறையை இந்தியக் கரையோரத்துக்குக் கொண்டுவர எண்ணுவோருக்கு ஒரு குறிப்பு. நம் ஆழமற்ற கடல்களில் வாழும் துடுப்பில்லாக் கடற்பன்றியும் செவுள் வலையில் சிக்கி இறக்கிறது. அதுவும் மேலே வந்ததே தெரியாமல் மறைந்துவிடும். அதன் சொடுக்கொலியும் குறுகிய பட்டையில் உயர்ந்த அலைவெண்ணில் அமைந்தது. கரையோரத்தில் வேறு கடற்பன்றி இனம் இல்லாததால் இனம் பிரிக்கும் வசதி இங்கும் உண்டு. ஆனால் கண்டத்திட்டின் விளிம்பை நெருங்கும் இடங்களில் குட்டை விந்துத் திமிங்கிலங்களும் அதே வகைச் சொடுக்கை எழுப்பும் என்பதால், கருவிகளைக் கரையோர ஆழத்துக்குள் நிறுத்துவதும், இழுவைமடிப் படகுகள் ஓடாத மீன்பிடித் தடைக்கால 61 நாள்களில் முதல் சோதனையைச் செய்வதும் நல்லது.